கையில் வேல்: மை தோலில் தங்குவது எப்படி?

முன்கையில் டாட்டூவாகக் குத்திய வேலோ சிலுவையோ ஆயுள் முழுக்க இருக்கும். தோலின் மேல்பரப்போ மாதம் ஒருமுறை முழுதாக உதிர்ந்து புதிதாகிவிடுகிறது. பிறகு மை மட்டும் எப்படி நிற்கிறது?

மேல்தோலின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ஊசி அதைத் தாண்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. வேண்டாத பொருள் நுழைந்துவிட்டதென்று உடல் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களை அனுப்பும். அவை மைத்துகள்களை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது; சுமந்தபடி அங்கேயே கிடக்கும். ஒரு செல் செத்து மை வெளியே வந்தால் அடுத்த செல் அதை விழுங்கிக்கொள்கிறது. எலிகளை வைத்து இதைக் காட்டியவர்கள் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் (2018). நம் கையில் வேல் உருவத்தைக் காப்பது உடலின் எதிர்ப்புச் சக்திதான்.

ஆழம் குறைந்தால் மை மேல்தோலோடு உதிர்ந்துபோகும். கூடினால் கொழுப்பில் இறங்கி, கோட்டைச் சுற்றி நீலமாகக் கசியும். சரியாகக் குத்தினாலும் வருடங்கள் போகப்போகக் கோடு சற்றுத் தடிக்கவே செய்யும். அதனால் ‘ஓம்’ எழுதும்போது சுழியின் உள்ளே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் சுழி அடைபட்டுவிடும்.

மும்பைத் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே டாட்டூ குத்திவிடுகிறவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்கள் கணினியில் தமிழைத் தட்டினால் சில மென்பொருள்கள் எழுத்தை உடைத்துவிடும்: ‘வேல்’ என்பதில் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘ல’வின் புள்ளி விலகும். எழுத்துகளை நீங்களே படமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டென்சில் தாளைத் தோலில் ஒட்டி எடுத்ததும், பதிந்திருப்பதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள். ஊசி இறங்கும்வரை அந்தப் பதிவை ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம்.

மத்திய ஆயுதக் காவல் படை (சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்றவை) வேலைக்குப் போக நினைப்பவர்கள் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதச் சின்னத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் இடது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோதான், அதுவும் அந்தப் பாகத்தில் கால்வாசிக்கும் குறைவாக. காயம் தடித்து வளரும் கீலாய்டு உடல்வாகு உள்ளவர்கள் டாட்டூவையே தவிர்ப்பது நல்லது, முக்கியமாக நெஞ்சிலும் தோளிலும்.

புதிதாகக் குத்திய இடம் திறந்த காயம். மேலே ஆற இரண்டு, மூன்று வாரம். உள்ளே ஆற இன்னும் சில வாரம். வேண்டுதலோடு குத்திக்கொள்பவர்கள் தடுமாறுவது இந்த நாட்களில்தான். காயத்தின்மேல் விபூதி, சந்தனம், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது; கிருமிநீக்காத தூள் அது. நெற்றியில் இட்டுக்கொண்டால் போதும். பழனியில் சண்முக நதிக் குளியலும் வேளாங்கண்ணியில் கடல் குளியலும் காயத்துக்கு ஆகாது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போகிறவர்கள் ஜூலை நடுவிலேயே குத்தி முடித்திருக்க வேண்டும். அது மும்பையில் அடைமழைக் காலம்; தேங்கிய தண்ணீரில் நடந்துதான் தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் கால் வேண்டாம். இடுப்புக்குக் கீழே சாமி உருவம் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இங்கே மருத்துவத்துக்கும் ஒத்துவருகிறது. லோக்கல் ரயில் நெரிசலில் காயம் உரசாமலிருக்கத் தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். மணமில்லாத சோப்பால் தினம் இரண்டு வேளை கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் மையும் போய்விடும்.

ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசி பல கைகளில் இறங்கினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றும் பரவக்கூடும். ரத்ததானம் செய்கிறவர்கள் குத்திய பிறகு 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

முருகன் முகம் போன்ற உருவங்களில் நிழல் காட்டக் கருப்பு மையை நீர்த்துச் சாம்பல் நிறமாக்குவார்கள். அதற்குக் கிருமிநீக்கிய நீர்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியா காயத்துக்குள் போனால், ஒன்று முதல் மூன்று வாரத்தில், சாம்பல் பகுதியில் மட்டும் சிவந்த பருக்கள் கிளம்பும். மெடிக்கலில் வாங்கும் வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு இது பெரும்பாலும் அடங்காது. தோல் மருத்துவரிடம் போய், டாட்டூ குத்திய தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.