பிரஷர் நார்மல்தான், ஆனால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது

விபத்தில் அடிபட்டவரையோ பிரசவம் முடிந்த தாயையோ பார்த்துவிட்டு, "பிரஷர் நன்றாக இருக்கிறது, பயமில்லை" என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லிட்டர் போன பிறகும், படுத்திருக்கும்வரை அவருடைய மேல் அழுத்தம் இயல்பாகவே இருக்கலாம். ரத்தம் குறையவில்லை என்பதல்ல அதன் பொருள். நரம்பு மண்டலம் அழுத்தத்தை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. எனவே நாம் தேட வேண்டியது, அப்படித் தாங்குவதற்கு உடல் படும் பாட்டின் அடையாளங்களை.

கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. முதல் இடத்துச் செய்தியை 9ஆம் மண்டை நரம்பும், இரண்டாவது இடத்துச் செய்தியை 10ஆம் நரம்பான வேகஸும் மூளைத்தண்டிலுள்ள முகுளத்துக்குக் கொண்டுபோகின்றன. ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகளை முடுக்கும் செல்கள் முகுளத்தில் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. தமனிகளிலிருந்து வரும் செய்திதான் அவற்றை அடக்கி வைக்கிறது. ரத்தம் குறைந்து தமனிச் சுவர் தளர்ந்தால் செய்தி மெலிகிறது, அடக்கமும் விலகுகிறது. இதயத்தை மெதுவாக்கி வைக்கும் வேகஸின் பிடி ஓரிரு துடிப்புக்குள் தளர்ந்து இதயம் வேகமெடுக்கிறது. பரிவு நரம்புகளின் முழு வேகம் சில விநாடிகளில் வந்துவிடுகிறது.

அந்த வேகம் முதலில் உதவுவது சிரைகள் வழியாக. உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. அவை இறுகும்போது அந்த ரத்தம் இதயத்துக்குத் தள்ளப்படுகிறது. அடுத்து தோல், குடல், சிறுநீரகம், தசை ஆகியவற்றின் நுண்தமனிகள் சுருங்குகின்றன. மூளையும் இதயமும் இந்தச் சுருக்கத்திலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகின்றன, மிச்சமிருக்கும் ரத்தம் அவற்றுக்குப் போகிறது. தோல் வெளுத்துக் குளிர்ந்துபோவது இதனால்தான். வியர்வைச் சுரப்பிகளும் பரிவு நரம்புகளின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அந்தக் குளிர்ந்த தோல் பிசுபிசுக்கிறது. சிறுநீர் குறைகிறது: பெரியவர்களுக்கு மணிக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். ரெனின், ஆஞ்சியோடென்சின், வாசோப்ரெசின் என்று உடல் ரத்தத்தில் சேர்க்கும் பொருட்கள் எல்லாம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கின்றன. அடிபட்டவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதும் இதன் பகுதிதான்.

இரண்டு அளவீடுகள் எளிதில் ஏமாற்றும். ஒன்று, மேல் அழுத்தத்தை மட்டும் பார்ப்பது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது, நுண்தமனிகளோ இறுகியிருக்கின்றன; அதனால் 120/80 என்பது 112/92 ஆகலாம். மேல் எண் நன்றாகத் தெரியும், ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளி 40இலிருந்து 20 ஆகிவிட்டது. மற்றொன்று ஹீமோகுளோபின். வெளியேறுவது முழு ரத்தம் என்பதால் மிஞ்சியிருப்பதன் செறிவு உடனே மாறாது. திசுக்களிலிருந்து நீர் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளுக்குள் இழுக்கப்பட்ட பிறகோ, சலைன் ஏற்றிய பிறகோதான் அது குறையும். முதல் மணி நேரத்து ஹீமோகுளோபின் 13 என்பதை நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நாடித்துடிப்பை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். நலமாக இருப்பவருக்கு 0.5 முதல் 0.7 வரை வரும். துடிப்பு 110, அழுத்தம் 110 என்றால் விடை 1. தனித்தனியாகப் பார்த்தால் பதறவைக்காத அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஆபத்தைச் சொல்கின்றன.

இழப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் அடையாளமே தெரியாது. 15 முதல் 30 வரை துடிப்பு ஏறும், இடைவெளி குறுகும், மனம் பதற்றமாகும். 30ஐத் தாண்டினால்தான் அழுத்தம் வெளிப்படையாக விழுகிறது, குழப்பமான பேச்சு தொடங்குகிறது. 40ஐத் தாண்டினால் உயிர் போகும் நிலை. சராசரி அழுத்தம் (மேல், கீழ் எண்களுக்கு இடைப்பட்ட அளவு) 60க்குக் கீழே இறங்கும்போது தமனிச் சுவரின் உணர்விகள் ஏறக்குறைய மௌனமாகிவிடுகின்றன. ஆக்சிஜன் குறைவை உணரும் வேதி உணர்விகளும், கடைசியாகப் பட்டினி கிடக்கும் மூளைத்தண்டும் மட்டுமே பரிவு நரம்புகளை அதற்கு மேலும் முடுக்கும். நேரம் நீண்டால் அமிலம் சேர்ந்து நுண்தமனிகள் தளர்ந்துவிடும். பிறகு ரத்தம் ஏற்றினாலும் அழுத்தம் நிற்காமல் போகலாம்.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் துடிப்பு ஏறாமலே இருக்கலாம். வழக்கமாக மேல் அழுத்தம் 170 இருக்கும் முதியவருக்கு 115 என்பது இயல்பல்ல, வீழ்ச்சி. கர்ப்பக் காலத்தில் ரத்தத்தின் அளவு சுமார் 40 முதல் 50 சதவீதம் கூடுவதால், தாய் ஒரு லிட்டருக்கு மேல் இழந்தும் தெம்பாகவே தெரியலாம். குழந்தைகள் அழுத்தத்தை நெடுநேரம் தாக்குப்பிடித்துத் திடீரென்று சரிவார்கள். 10 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும்போது, சிலருக்குத் துடிப்பு வேகமெடுப்பதற்குப் பதிலாக மெதுவாகவே ஓடும். மார்புத் தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டால் பரிவு நரம்பின் பாதையே அறுந்துபோகிறது: அழுத்தம் குறைவு, துடிப்பு மெது, தோல் கதகதப்பு. அவருக்கு உள்ளே ரத்தக்கசிவும் இருந்தால் தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தாங்கிப் பிடித்திருக்கும் நரம்பைத் தளர்த்தும் எதுவும் ஆபத்தானது. மயக்க மருந்து கொடுத்த நிமிடத்தில் அழுத்தம் சரிவது இதனால்தான். மரத்துப்போக முதுகில் போடும் ஊசியும் அப்படியே. அதனால் மயக்கவியல் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்து, ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டே தொடங்குவார். ஆஸ்பத்திரிக்கு வெளியே இதே தவறு, அடிபட்டவரை எழுப்பி உட்காரவைப்பது. உட்கார்ந்ததும் கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்துவிடும். மட்டமாகப் படுக்கவையுங்கள்.

கசியும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள்; உறைந்த கட்டு பெயர்ந்துவிடும். நனைந்தால் மேலே இன்னொரு துணி. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றி அழுத்துங்கள். கை, காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகெட் எனும் இறுக்குப் பட்டையை ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, கட்டிய நேரத்தை எழுதிவையுங்கள். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு, கசிவு கூடும். போர்வையால் மூடுங்கள், குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், எவ்வளவு கேட்டாலும் குடிக்கக் கொடுக்காமல் உதட்டை மட்டும் நனையுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் மூன்று விவரம் சொல்லுங்கள்: அவருடைய வழக்கமான பிரஷர் எவ்வளவு, பிரஷர் மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறாரா, முதலில் எண்ணியபோது நாடி எத்தனை, இப்போது எத்தனை.