குந்தெழல்: ‘ஸ்குவாட்’ என்ற சொல்லும் இருபது தரக் கணக்கும்

திருகோணமலை நகரில் மாலை ஐந்து மணிக்குப் பின்னர் ஏதேனும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைபவர் இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் சந்திப்பார். சுவரில் ஒட்டிய அட்டவணையில் ‘ஸ்குவாட், 2 செட், 20 ரெப்ஸ்’ என்று எழுதியிருக்கும். பக்கத்தில் நின்று எண்ணுபவரோ, “தம்பி, இன்னும் நாலு தரம், நல்லாக் குந்தி எழும்பு” என்பார். தோளில் பாரம் கிடக்கும் இளைஞன் “ஏலாது அண்ணா” என்று சொல்லிக்கொண்டே குந்துவான். அட்டவணையில் உள்ளதைக் கலைச்சொல் என்றும் வாயில் வருவதை வெறும் பேச்சு என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்த்தால், செயலை முழுமையாகச் சொல்லுவது எண்ணுபவரின் வாயில் வந்த சொல்தான் என்பதே என் துணிபு.

‘ஸ்குவாட்’ என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியின் ‘எஸ்குவாத்திர்’ என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு நசுக்குதல், தட்டையாக்குதல் என்று பொருள். அதற்கும் பின்னால் போனால், ஒன்றாகத் திரட்டி நெருக்குதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினை ஒன்று நிற்கிறது. ஆங்கிலத்திலும் முதலில் ‘நசுக்கு’ என்ற பொருளிலேயே வழங்கிப் பின்னரே உடலைத் தாழ்த்திப் பதுங்குதல், கால்களை மடக்கிக் குதிகால்களின் மேல் இருத்தல் என்ற பொருள்களுக்கு அது நகர்ந்தது. பிறர் காணியில் உரிமையின்றி அமர்ந்துகொள்பவரையும் அதே சொல்லால் குறிக்கும் வழக்கம் பின்னர் எழுந்தது. நம் பேச்சிலும் “வந்தவன் அப்படியே குந்திட்டான்” என்றால், எழும்ப மனமில்லாமல் இடம்பிடித்துக்கொண்டான் என்றுதான் விளங்கிக்கொள்கிறோம். தொடர்பே இல்லாத இரு மொழிகளில் ஒரே உடல்நிலையிலிருந்து ஒரே குறிப்புப் பொருள் பிறந்திருப்பது சுவையான ஒற்றுமை.

தமிழில் ‘குந்து’ என்பது பாதங்களை நிலத்தில் ஊன்றி, முழங்கால்கள் மேல்நோக்க, இடுப்பைத் தாழ்த்தி இருக்கும் நிலையைக் குறிக்கும் வினையாகும். மலையாளத்திலும் ‘குந்திச்சிரிக்குக’ என்று இதே அடிச்சொல் வழங்குகிறது. ஈழத்து வழக்கில் வீட்டு ஓரத்தில் இருப்பதற்காக உயர்த்திக் கட்டிய மண்மேட்டுக்கும் குந்து என்று பெயர் உண்டு. மரியாதையின் அளவில் இந்தச் சொல் சற்றுத் தாழ்ந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை: வீட்டுக்கு வந்தவரை “இருங்கோ” என்போமேயன்றிக் “குந்துங்கோ” என்று சொல்லமாட்டோம். அந்தத் தயக்கத்தினாலேயே பலர் இதனை எழுத்தில் சேர்க்கக் கூசுகிறார்கள். எனினும் உடற்பயிற்சி விருந்தோம்பல் அன்று. அங்கே தேவைப்படுவது பணிவான சொல்லைவிடத் துல்லியமான சொல்லே.

துல்லியம் என்று நான் சொல்லுவது ஆழத்தைப் பற்றியது. வலுதூக்கல் (பவர்லிஃப்டிங்) போட்டி விதிகளின்படி, இடுப்பு மூட்டுப் பகுதியில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சியைவிடத் தாழ்ந்தால் மாத்திரமே ஸ்குவாட் ஏற்றுக்கொள்ளப்படும். ஆங்கிலச் சொல்லை மட்டும் கற்றுக்கொண்ட புதியவர் கதிரையில் இருக்கப்போவது போல அரைவாசி இறங்கிவிட்டு எழும்பி, அதையும் ஒன்று என்று எண்ணிக்கொள்கிறார். ஆனால் திருகோணமலையின் மீன் சந்தையில் பாதங்கள் முழுவதும் நிலத்தில் பதிய, நாரி வளையாமல், நெடுநேரம் குந்தியிருந்து மீன் வெட்டும் ஒருவரைப் பார்த்தவருக்குக் குந்துதல் என்பது எவ்வளவு ஆழம் என்று எவரும் அளவுகோல் வைத்துக் காட்ட வேண்டியதில்லை. அந்த நிலையில் அவரது கணுக்கால் வளைகின்ற வளைவு, மேசைக்கு முன்னால் வளர்ந்த இருபது வயது இளைஞனுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. பாதித் தூரம் இறங்கும்போதே அவனுடைய குதிகால் நிலத்தைவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

தமிழில் வேறு சொற்களும் போட்டிக்கு நிற்கின்றன. ‘தோப்புக்கரணம்’ அவற்றுள் எல்லோரும் அறிந்தது. கையையும் காதையும் குறிக்கும் வடசொற்கள் திரிந்து இது உண்டானது என்பர். சக்கரத்தை விழுங்கிவிட்ட பிள்ளையாரைச் சிரிக்க வைப்பதற்காகத் திருமால் காதைப் பிடித்துக் குந்தி எழுந்தார் என்ற கதையும் அதனோடு வரும். வழிபாட்டிலும் வகுப்பறைத் தண்டனையிலும் ஊறிப்போன சொல் அது. படிக்கும் காலத்தில் வீட்டுவேலை செய்யாமற் போனதற்காக ஐம்பது தோப்புக்கரணம் போட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்ற எனக்கு, அதிக எண்ணிக்கைப் பயிற்சியின் முதற் பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஆயினும் கைகள் காதைப் பிடித்திருக்க வேண்டும் என்பது அச்சொல்லின் உள்ளேயே இருப்பதால், கைகள் தண்டைப் பிடித்திருக்கும் பயிற்சிக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டுத் தேகப்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘பஸ்கி’ என்ற சொல் இங்கே அவ்வளவாகப் புழங்குவதில்லை. ‘குத்துக்காலிடல்’ என்பது நல்ல தமிழ்தான். ஆனால் அது இருக்கும் நிலையைக் காட்டுகிறதே ஒழிய அசைவைக் காட்டவில்லை.

‘ஸ்குவாட்’ என்பதிலும் இதே குறைதான் இருக்கிறது. அது இறங்குவதை மட்டுமே பெயராகக் கொண்டிருக்கிறது. பாரத்தைச் சுமந்து மேலே வருவதுதான் பயிற்சியின் கடினமான பாதி. அந்தப் பாதி ஆங்கிலப் பெயரில் இல்லை. நம் எண்ணுபவர் இயல்பாகக் ‘குந்தி எழும்பு’ என்கிறார். இரண்டு பாதிகளும் அதில் உள்ளன. அதனைப் பெயராக்கிக் ‘குந்தெழல்’ என்று எழுதலாம். தண்டோடு செய்வதைப் ‘பாரக் குந்தெழல்’ என்று வேறுபடுத்தலாம்.

தண்டின் பெயரான ‘பார்பெல்’ வேறொரு வேடிக்கையைக் கொண்டிருக்கிறது. ‘பார்’ என்பது தண்டு; ‘பெல்’ என்பது மணி. எடைத்தண்டில் மணி எங்கிருந்து வந்தது? ‘டம்பெல்’ என்ற மூத்த சொல்லிலிருந்து வந்தது. கோயிற் கண்டாமணியின் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு அது முதுகுக்கும் தோளுக்கும் எத்தகைய வேலை என்று தெரியும். இங்கிலாந்தில், மணியில்லாமல் கயிற்றையும் பாரத்தையும் மாத்திரம் வைத்து, ஓசையின்றி அதே இழுப்பைப் பயிற்சியாகச் செய்தார்கள். அக்கருவிக்கு ‘டம்பெல்’, அதாவது ‘ஊமை மணி’ என்று பெயர் வந்தது. 1711 ஆம் ஆண்டிலேயே அது அச்சில் காணப்படுகிறது. அப்பெயர் பின்னர் கைக்குள் அடங்கும் எடைக்கு மாறி, 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீண்ட தண்டு வந்தபோது மணி மட்டும் அதனோடு ஒட்டிக்கொண்டது. இதனைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் ‘தண்டு மணி’ என்று வரும். அதைக் கேட்டு எவரும் சிரிப்பார்கள். ‘பாரத்தண்டு’ என்பதே போதும். ‘பார்’ என்பதற்கும் நம் ‘பாரம்’ என்பதற்கும் உறவு தேடுவோர் உண்டு; அது ஒலி ஒற்றுமை மட்டுமே. ஒலிம்பிக் பளுதூக்கல் போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் தண்டு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. தட்டுகளைக் கணக்கிட்டுவிட்டுத் தண்டின் எடையை மறந்துபோவது நம் கூடங்களில் அன்றாடம் நடப்பது.

பாரத்தைத் தோளில் வைத்துக் குந்தி எழுவதை அமெரிக்காவில் பரவலாக்கியவர்களுள் 1920களில் அங்கு சென்ற ஜெர்மானியரான ஹென்றி ஸ்டைன்போர்ன் முக்கியமானவர். தண்டை ஏற்றிவைக்கும் தாங்குநிலை இல்லாத காலத்தில், எடையேற்றிய தண்டை ஒரு முனையில் நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் குந்தி, பக்கவாட்டாகச் சாய்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் எழுந்தார். நம் கடைத்தெருவில் சுமைதூக்கும் நாட்டாமைமார் அரிசி மூட்டைக்கு முதுகைக் கொடுத்து, குந்தி, சாய்த்து ஏற்றி எழும்புவதைப் பார்ப்பவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1930களில் மார்க் பெரி என்பவரும் ஜோசப் கேர்ட்டிஸ் ஹைஸ் என்பவரும் அதிக எண்ணிக்கை முறையை முன்வைத்தனர்; 1936 இல் உடற்பயிற்சி இதழ் ஒன்றைத் தொடங்கிய பியரி ரேடர் அதை நெடுங்காலம் பரப்பினார். முறை எளியது, செய்வது கொடியது. பத்துத் தரம் மட்டுமே இயலும் என்று தோன்றும் பாரத்தை ஏற்றி, பத்தாவது முடிந்ததும் இறக்கி வைக்காமல், தோளில் வைத்தபடியே ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று ஆழ்ந்த மூச்சு எடுத்து, இருபதை எட்ட வேண்டும். இதனால் ‘மூச்சுக் குந்தெழல்’ என்றும் இதற்குப் பெயர் பொருந்தும். விலாக்கூடு விரிந்து மார்பு பெருக்கும் என்று அவர்கள் நம்பியது வளர்ந்தவர்கள் விடயத்தில் நிலைபெறவில்லை. கால்களும் மூச்சும் உரம்பெறும் என்பது நிலைத்தது.

காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். 100 கிலோவை ஐந்து தரம் தூக்கினால் மொத்தம் 500 கிலோ. 60 கிலோவை இருபது தரம் தூக்கினால் 1200 கிலோ, அதுவும் சில நிமிடங்களுக்குள். உடலின் மிகப்பெரிய தசைகளான தொடையும் பிட்டமும் இடைவிடாது வேலை செய்ய, அவை கேட்கும் ஒட்சிசனை உடனடியாக வழங்க இதயத்தாலும் நுரையீரலாலும் இயலாமற் போகிறது. பற்றாக்குறையை ஒட்சிசன் இல்லாத வழியில் மாவுச்சத்தை எரித்துத் தசை ஈடுசெய்கிறது. அதன் விளைவே தொடையில் எழும் தீயும் பாரத்தை வைத்த பின்னும் நெடுநேரம் ஓயாத இளைப்பும். இவற்றைத் தாங்கி வேலையைத் தொடரும் ஆற்றல் கிழமைக்குக் கிழமை கூடும். உதைபந்தாட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்திலும், கரைவலையின் கடைசி இழுப்பில் மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கி நடக்கும்போதும் தேவைப்படுவது இதுவே. ஆனால் ஓட்டத்துக்கு இது மாற்று என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. நெடுநேர மூச்சாற்றலுக்கு நெடுநேரம் ஓடத்தான் வேண்டும்.

இந்த விளைவுக்கான ஆங்கிலச் சொல் ‘கண்டிஷனிங்’. அதன் மூலமான இலத்தீன் சொல், கூடிப் பேசி முடிவுசெய்த உடன்பாட்டைக் குறித்தது. நிபந்தனை, நிலைமை என்று பொருள் மாறி, விரும்பிய நிலைக்குக் கொண்டுவருதல் என்று வந்து நின்றது. ‘சீராக்கல்’ என்று மொழிபெயர்ப்பது குளிரூட்டியை நினைவூட்டும். ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் மீனுக்கும் உரியது. ‘உரம்’ என்ற சொல்லையே நான் தேர்வேன். அதற்கு வலிமை என்றும் மார்பு என்றும் பொருள் உண்டு. ‘உரன்’ என்ற வடிவம் ஐம்புலனை அடக்கும் அறிவுறுதியாகத் திருக்குறளில் வருகிறது. பாடுபட்டு வளர்ந்த உடம்பை ‘உரமேறிய உடம்பு’ என்று இன்றும் சொல்கிறோம். எனவே ‘உரமேற்றல்’.

உரமேற்றலில் அவசரம் ஆபத்தானது. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், தகரக் கூரையின் கீழ், பழக்கமில்லாத ஒருவர் முதல் நாளே நூறு தரம் செய்தால் தசை இழைகள் சிதைந்து, அவற்றில் உள்ளவை இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்; சிறுநீர் பிளேன்ரீ (பாலில்லாத் தேநீர்) நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெறுந்தண்டோடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ மட்டும் கூட்டுவது நல்லது. தண்டு கழுத்தெலும்பின் மேல் அல்லாமல் அதற்குக் கீழுள்ள தோள்தசையின் மேல் கிடக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கி எழுவதைத் தவிர்த்து, முதலில் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

எஞ்சியிருப்பது ‘ரெப்ஸ்’. மீண்டும் செய்தல் என்பதன் குறுக்கம் அது. ‘மீள்செய்கை’ என்று ஆக்க வேண்டியதில்லை. ‘இருபது தரம்’ என்று ஊரே சொல்கிறது. அச்சொல்லுக்குத் தகுதி என்ற பொருளும் இருப்பதால், பதினைந்துக்குப் பிறகு இடுப்பு மேலேயே நின்றுவிடுபவரிடம் “தரம் குறையாமல் இருபது தரம்” என்று சொல்ல முடிகிறது. ‘செட்’ என்பதைச் ‘சுற்று’ என்று எழுதலாம். எழுதாவிட்டாலும் எனக்கு வழக்கில்லை. அட்டவணையில் இனி இப்படி இருக்கட்டும்: பாரக் குந்தெழல், 40 கிலோ, 20 தரம், 2 சுற்று.