வெள்ளை வவ்வாலுக்கு நாம் போட்டிருந்த தப்பான பெயர்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு, ஆய்வுக்கு வவ்வால் மீன் எடுக்கப் போகும்போதெல்லாம் அங்கே ஒரு மீன்கார அக்கா கேட்பார்: "வவ்வால்னா வவ்வால்தான். இதுல என்னத்த தம்பி எண்ணி எண்ணிப் பாக்குற?"

கறுப்பு வவ்வால் வவ்வாலே இல்லை, பாறை மீன் குடும்பம் என்று ஒருநாள் காட்டினேன். வால் தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் பாறை மீனுக்கு இருப்பதுபோல் சொரசொரவென்று கெட்டிச் செதில் தட்டுப்படும். வெள்ளை வவ்வாலில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். இது கைக்கே தெரிகிற வித்தியாசம். கைக்குத் தெரியாத ஒன்றுதான் எங்களைப் பல காலம் ஏமாற்றியது.

நம் வெள்ளை வவ்வாலின் அறிவியல் பெயரைப் பாடப்புத்தகம் வரைக்கும் 'பாம்பஸ் அர்ஜென்டியஸ்' என்றே எழுதிவந்தோம். அது 1788-ல் யூப்ராசென் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் சீனக் கரை மீனுக்கு வைத்த பெயர். அவர் பார்த்த அந்த மீனின் உடல் இன்று எங்கும் பாதுகாக்கப்பட்டில்லாததால், 2013-ல் சீன ஆய்வாளர்கள் அந்தப் பகுதி மீன் ஒன்றையே புதிய மூல மாதிரியாக, அதாவது அந்தப் பெயர் எந்த மீனுக்கு உரியது என்று காட்டும் மாதிரியாக, அறிவித்தார்கள். 2019-ல் கொச்சி ஆய்வாளர்கள் உடலமைப்பை அளந்தும் மரபணுவைப் படித்தும், வடக்கு இந்தியப் பெருங்கடல் மீன் வேறு இனம் என்று காட்டினார்கள். புதுப்பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே 1829-லேயே இதற்கு 'கேண்டிடஸ்' என்று வைத்திருந்தார். நாம்தான் அதைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தோம். இப்போது அது பாம்பஸ் கேண்டிடஸ்.

டிஎன்ஏ மட்டும் பார்த்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது, நானே பட்டிருக்கிறேன். ஒருமுறை துடுப்பில் ஒரு துண்டு நறுக்கி ஆல்கஹாலில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த டிஎன்ஏ வரிசையை, ஆய்வாளர்கள் ஏற்றிவைக்கும் பொதுத் தரவுத்தளத்தில் போட்டால் அர்ஜென்டியஸ் என்றது, கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. சந்தோஷமாகக் கோப்பை மூடிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன்: ஒத்துப்போன வரிசைகள் எல்லாமே இந்தியக் கடலில் பிடித்து, என்னைப் போன்றவர்களே பழைய பெயரில் ஏற்றிவைத்தவை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் கிளிப்பிள்ளை திருப்பிச் சொல்லியிருக்கிறது! சரி, மீனையே எடுத்துத் துடுப்பு முள்களை எண்ணிவிடலாம் என்றால் மீன் ஏது? துடுப்பை நறுக்கியதும் அக்காவிடமே திருப்பிக் கொடுத்திருந்தேன். யார் வீட்டிலோ வறுவலாகியிருக்கும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாததற்குக் காரணம் உண்டு. எந்த அளவில் முட்டைக்கு வரும், எந்த மாதத்தில் இடும், எவ்வளவு வேகமாக வளரும் என்பதையெல்லாம் இனத்தின் பெயரை வைத்துத்தான் தேடி எடுக்கிறோம். சீன மீனின் கணக்கை நம் மீனுக்குப் போட்டால், எவ்வளவு சிறியதைப் பிடிக்கக்கூடாது என்கிற வரம்பே தப்பாகிவிடும். மகாராஷ்டிரம் 2023-ல் பாப்லெட்டை மாநில மீனாக அறிவித்தது. அதாவது இதே வெள்ளை வவ்வாலை. நல்ல காரியம். காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் சொந்தக் கணக்கு வேண்டும்.

போன வாரம் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "ரேட்டு மாறுமா?" என்றார். மாறாது என்றேன். ஐஸுக்குள்ளிருந்து ஒன்றை உருவி என் கையில் வைத்தார். "அப்ப இந்த வாட்டி முழுசா காசு குடுத்து எடுத்துட்டுப் போ. துண்டு வெட்டிட்டுத் திருப்பிக் குடுக்குற வேல வேணாம்."