கன்று நடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஜூலை 26 நெருங்கினால் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அன்று உலக அலையாத்திக் காடுகள் (மாங்குரோவ்) தினம். "ஆயிரம் கன்று வாங்கி வச்சிருக்கோம் சார், எங்கே நடலாம்?" என்பார்கள். நல்ல மனதோடு கேட்கிறவர்கள்தான். ஆனாலும் நான் முதலில் சொல்வது, "இப்போதைக்கு நட வேண்டாம்" என்றுதான்.

கடலோரச் சதுப்பு நிலங்களை மீட்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். வந்த புதிதில் நானும் அப்படி ஒரு நடவுக்குப் போனேன். வரிசை பிடித்து நட்டோம், படம் எடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் குச்சிகள் மட்டும் நின்றன. மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. கால் வைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. அங்கங்கே உப்பு மண்ணில் முளைக்கும் உமரிச் செடி, அவ்வளவுதான்.

ஏன் அப்படி ஆனது என்பது எனக்குப் பிச்சாவரத்தில்தான் புரிந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் அந்தக் காட்டில், பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடங்களில் காடு திரும்பவில்லை. மாடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும்தான் காரணம் என்று ஊர்மக்கள் மேல் பழி விழுந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்ற தொண்டு நிறுவனம் 1990களில் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்தபோது கதை வேறாக இருந்தது. நிழல் போன மண் வெயிலில் காய்ந்து இறுகி, தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர், கடல் வற்றத்தில் வெளியே போக வழியில்லை. நீர் ஆவியாகும், உப்பு தங்கும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இந்தக் குழிகளில் அதைவிட மிக அதிகம். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான். அதற்காக எவ்வளவு உப்பையும் தாங்கிவிடாது.

அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். தண்ணீர் தினமும் வந்து போகத் தொடங்கியதும், மழையும் சேர்ந்து உப்பைக் கழுவிவிடும். நடவு அதற்கு அப்புறம்தான். அதுவும் வாய்க்கால் சரிவின் நடுவில். மேலே வைத்தால் காயும், அடியில் வைத்தால் மூழ்கி அழுகும். ஒரு சாண் தவறினாலும் கன்று பிழைக்காது. வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து இதைச் செய்தார்கள். காடு திரும்ப வந்தது. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

அங்கே வாழும் இருளர்கள் தண்ணீருக்குள் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் பல்லில் கடித்திருக்கும் பறி என்ற கூடையில் போடுவார்கள். ஒருநாள் வற்றத்தில், அவர்களில் ஒரு பெரியவரோடு நடந்துகொண்டிருந்தேன். ஒரு கிளை வாய்க்காலில் குனிந்து கையை விட்டுத் துழாவினார். "இங்க இறால் இல்ல சார். தண்ணி ரெண்டு மூணு நாளா நிக்குது" என்றார். கருவியில் உப்பு அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. சற்றுத் தள்ளி, வாய்க்கால் தொடங்கும் இடத்தில் வண்டல் அடைத்திருந்தது.

இந்தத் தூர்தான் பெரிய பிரச்சினை. முதல் சில வருடங்கள் விடாமல் வாரவேண்டும். கன்று நடப் பணம் தர நிறையப் பேர் உண்டு, தூர் வாரத் தர ஆள் கிடைப்பதில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தேறியது சுமார் 200 முதல் 220 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்ட பின் கவனிக்காததும் முக்கியக் காரணங்கள்.

அதனால் நடவுக்கு நன்கொடை கேட்டு யாராவது வந்தால் தயங்காமல் கேளுங்கள்: முன்பு அங்கே காடு இருந்ததா, ஏன் அழிந்தது, தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது, மூன்றாம் வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள்? பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டு வெறுமையாகத் தெரியலாம். அது காலி இடம் இல்லை, அங்கே நடக் கூடாது. எத்தனை ஆயிரம் கன்று என்பதை மட்டும் சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

போன வருடம் என்னை அழைத்த ஒரு கல்லூரிக் குழு, கன்றுகளை நாற்றங்காலிலேயே விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தது. அனுமதி வாங்கி இரண்டு நாள் தூர் வாரினோம். மூன்றாம் நாள் காலை ஏற்றத்தில் தண்ணீர் கிளை வாய்க்காலின் கடைசி முனை வரை போனது. நடவை மழைக்காலம் கழித்து வைத்துக்கொண்டோம்.