டி.எஸ்.எச். நார்மல், ஆனாலும் தைராய்டு குறைவு

அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முக உப்பல். தைராய்டாக இருக்குமோ என்று ரத்தம் கொடுத்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) 2 என்று நார்மலாக வருகிறது. பலருக்கு விசாரணை அதோடு முடிந்துவிடும். பெரும்பாலும் அது சரியும்கூட. அரிதாகச் சிலருக்கு மட்டும் அந்த 2-தான் ஏமாற்றும் எண்.

டி.எஸ்.எச்.சைச் சுரப்பது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. ரத்தத்தில் தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன், சுருக்கமாக டி4) குறைந்தால் அது டி.எஸ்.எச்.சைக் கூட்டி, கழுத்திலுள்ள தைராய்டை முடுக்கும். பிட்யூட்டரியே பழுதானால் முடுக்க ஆளில்லை. ஃப்ரீ டி4, அதாவது ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் இருக்கும் தைராக்சின், 0.5-க்கு (வழக்கமாக 0.8 முதல் 1.8 வரை) இறங்கியிருக்கும்போது டி.எஸ்.எச். 2-லேயே நிற்பது நார்மல் ஆகாது. அது எப்போதோ எகிறியிருக்க வேண்டும். சிலருக்கு டி.எஸ்.எச். லேசாகக் கூடியும் இருக்கும். ஆனால் சுரப்பது வீரியமற்ற டி.எஸ்.எச். ஆகவே ஃப்ரீ டி4-ஐயும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நோய் பிடிபடாது.

வெறும் தைராய்டுக் கோளாறிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை கூட வரும் மற்ற அறிகுறிகள். கழுத்து வீங்காது. தைராய்டே கெட்டவர்களுக்கு மாதவிடாய் அதிகமாகப் போவதுண்டு, இங்கே நின்றுபோகும். ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையும். அக்குள் முடி உதிரும், தோல் வெளிறும், எழுந்து நின்றால் தலைசுற்றும், ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலியோடு இரு பக்கவாட்டுப் பார்வையும் மங்கினால் பிட்யூட்டரிக் கட்டி கண் நரம்பை அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும்.

கட்டி, அதற்கான அறுவை, கதிர்வீச்சு, தலைக்காயம் ஆகியவை வழக்கமான காரணங்கள். நம் பக்கத்தில் இன்னும் இரண்டைக் கேட்டறிய வேண்டும். ஒன்று, பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு: கர்ப்பத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரி ரத்தமின்றிக் கருகும். 1937-இல் ஷீஹான் விவரித்த இந்த நிலையில் தாய்க்குப் பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது. ஆனாலும் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். மற்றொன்று கண்ணாடி விரியன் கடி.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் காலை கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) அளவைப் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி கெட்டால் அதுவும் குறைந்திருக்கலாம். தைராக்சின் மாத்திரை கார்டிசாலை வேகமாகக் கரைத்துவிடும். குறையைச் சரிசெய்யாமல் மாத்திரையைத் தொடங்கினால் வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். எனவே கார்டிசாலை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் முன்னால், தைராக்சின் பின்னால்.

தைராக்சின் அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 மைக்ரோகிராம், வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் குறைவாகத் தொடங்குவார்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி.

6 முதல் 8 வாரம் கழித்து, அன்றைய மாத்திரையைப் போடும் முன் ரத்தம் கொடுத்து ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும்; நார்மல் வரம்பின் மேல்பாதியில் இருப்பது இலக்கு. டி.எஸ்.எச். இப்போது 0.05 என்று வரலாம். அதைக் கண்டு டோஸ் அதிகம் என்று குறைத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய அசதி திரும்பிவிடும். புது மருத்துவரிடம் போகும்போது "பிட்யூட்டரியால் வந்தது, டி4-ஐப் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.