டிராயிங் ஃபைலைச் சுருக்கும்போது எது குறைகிறது?

"மெயில் போக மாட்டேங்குது, ஃபைலைக் கொஞ்சம் கம்ப்ரஸ் பண்ணி அனுப்புங்க." சென்னையில் டிராயிங் போடும் எந்த அலுவலகத்திலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஜிமெயிலில் அட்டாச்மென்ட்டுக்கு 25 எம்பிதான் எல்லை. மெயிலில் ஏறும்போது ஃபைலின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடவும் செய்யும். எதிர்முனையில் இருக்கும் சர்வரின் எல்லை இன்னும் குறைவாக இருந்தால் 15 எம்பி ஃபைல்கூடத் திரும்பி வந்துவிடும். உடனே கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு கருவியில் போட்டுச் சுருக்கி அனுப்புகிறோம்.

கட்டடங்களுக்கான ஏசி, பிளம்பிங், மின்சார டிராயிங்குகளை ஒருங்கிணைப்பது என் வேலை. எல்லோருடைய ஃபைலும் என் மேசையைத் தாண்டித்தான் சைட்டுக்குப் போகிறது. இதில் நான் கண்டது: கம்ப்ரஸ் என்ற ஒரே பெயரில் நாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறோம். ஜிப் கட்டினால் டிராயிங் மாறாது. ஆட்டோகேட் என்ற வரையும் மென்பொருளில் இருக்கும் பர்ஜ், ஓவர்கில் போன்ற கட்டளைகள் டிராயிங்குக்குள் கை வைக்கின்றன. பிடிஎஃப் சுருக்கும் கருவிகளில் பல, தகவலையே குறைக்கின்றன. எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வதில்தான் ஆபத்து.

முதலில் ஜிப். உள்ளே போனது ஒரு பைட்கூட மாறாமல் வெளியே வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்தே போவதால், வழியில் சேதமாகியிருந்தால் விரிக்கும்போது தெரிந்துவிடும். ஆனால் பலன் எல்லா ஃபைலுக்கும் ஒன்றுபோல இருக்காது. ஆட்டோகேட் 2004 வடிவத்திலிருந்தே அதன் டிராயிங் ஃபைலான டிடபிள்யூஜி உள்ளுக்குள் சுருக்கப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. அதை மறுபடி ஜிப் செய்தால் பெரிதாகக் குறையாது. வேறு மென்பொருளுக்கு டிராயிங்கையோ மாடலையோ கொடுக்கப் பயன்படும் டிஎக்ஸ்எஃப், ஸ்டெப், ஐஎஃப்சி ஆகியவை பொதுவாக எழுத்து வடிவ ஃபைல்கள். அவை நன்றாகவே குறையும். அம்பத்தூரில் அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம்களுக்கு ஸ்டெப் மாடல் அனுப்புகிறவர்கள் தயங்காமல் ஜிப் செய்யலாம்.

ஜிப்பில் சிக்கல் வருவது திறக்கும் இடத்தில். ஜிப்பை விரிக்காமல் உள்ளே இருக்கும் டிராயிங்கை நேராக டபுள் கிளிக் செய்தால், அந்த ஒரு ஃபைலின் பிரதி மட்டும் தற்காலிக ஃபோல்டர் ஒன்றுக்குப் போய்த் திறக்கும். அதில் திருத்தம் செய்து சேவ் கொடுத்தால் பெரும்பாலும் அந்தப் பிரதியில்தான் போய் விழும். அரை நாள் வேலை அப்படியே காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசமானது எக்ஸ்ரெஃப், அதாவது ஒரு டிராயிங்கோடு இணைத்துக் காட்டப்படும் தனி டிராயிங் ஃபைல், விட்டுப்போவது. ஒரு வேலையில் கழிப்பறைக் குழாய்களுக்கான டிராயிங்கை இப்படித் திறந்து பிரிண்ட் எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் எக்ஸ்ரெஃப்பாக இருந்ததால் அது வரவே இல்லை. தாளில் குழாய் இருந்தது, பீம் இல்லை. கான்கிரீட்டில் துளை போடும் கோர் கட்டிங்குக்கான குறி பீம் போகும் இடத்தில் விழுந்திருந்தது. மெஷினை வைப்பதற்கு முன் கீழ்த்தளத்தில் நின்று மேலே பார்த்த ஃபோர்மேன் நிறுத்தினார். அவர் பார்க்காமல் இருந்திருந்தால் கம்பியோடு சேர்த்து அறுத்திருப்பார்கள்.

அதனால் தனி டிராயிங்கை ஜிப் செய்யாதீர்கள். ஆட்டோகேடில் இ-டிரான்ஸ்மிட் என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. எக்ஸ்ரெஃப், ஃபான்ட், பிரிண்டில் கோடுகள் எப்படி விழ வேண்டும் என்று சொல்லும் பிளாட் ஸ்டைல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும். எக்ஸ்ரெஃப் பாதைகள் ரிலேட்டிவ் ஆக (உங்கள் கணினியின் முழு முகவரியாக இல்லாமல், டிராயிங் இருக்கும் ஃபோல்டரை வைத்து) இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் முழுதாக விரித்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று மெயிலில் ஒரு வரி எழுதுங்கள்.

அப்புறம், நான்கு கோடுகள் இருக்கும் டிராயிங் ஏன் 40 எம்பி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பல பேரிடமிருந்து காப்பி பேஸ்ட் ஆகி வரும்போது, பிற நிரல்கள் விட்டுச்செல்லும், கண்ணுக்குத் தெரியாத ரெக்-ஆப் பதிவுகளும் மைக்ரோஸ்டேஷன் என்ற இன்னொரு வரையும் மென்பொருளிலிருந்து வந்த டிஜிஎன் லைன் ஸ்டைல்களும் ஆயிரக்கணக்கில் உள்ளே சேர்ந்துவிடுகின்றன. இங்கே சுத்தம் செய்வதன் பலன் மிகப் பெரிது. முதலில் ஃபைலில் உள்ள பிழைகளைத் திருத்தும் ஆடிட், பிறகு பர்ஜ், அதற்குப் பிறகு முன்னால் ஒரு கோடு போட்ட மைனஸ் பர்ஜ் கட்டளையில் ரெக்-ஆப். ஃபைல் லேசாவதோடு, திறப்பதும் சேவ் ஆவதும் வேகமாகிவிடும். ஆனால் பயன்படுத்தாத லேயர், பிளாக், டெக்ஸ்ட் ஸ்டைல் எல்லாவற்றையும் பர்ஜ் தூக்கிவிடும். கிளையன்ட் கொடுத்த டெம்ப்ளேட்டில் இன்று காலியாக இருக்கும் லேயர், நாளை அடுத்த குழு வரைய வேண்டிய லேயராக இருக்கலாம். எனவே வேலை நடக்கும் ஃபைலில் கண்ணை மூடிக்கொண்டு 'பர்ஜ் ஆல்' கொடுக்கக் கூடாது.

ஓவர்கில் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை அது நீக்கும். லேசர் கட்டிங்குக்குப் போகும் டிராயிங்கில் இது அவசியமான வேலை. இல்லையென்றால் மெஷின் ஒரே கோட்டில் இரண்டு தடவை ஓடி விளிம்பைக் கருக்கிவிடலாம். எவ்வளவு நெருங்கிய கோடுகளை ஒன்றாகக் கொள்ளலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் என்ற ஒரு எண் ஓவர்கில்லில் இருக்கிறது. வழக்கமாக அது 0.000001. இன்னும் குறையட்டும் என்று யாராவது அதை 1 ஆக்கிவிட்டால், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வேண்டுமென்றே போட்ட இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தகடு வெட்டி வந்த பிறகுதான் பாகம் பொருந்தாதது தெரியும்.

பிடிஎஃப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் 2013-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷினில் ஸ்கேன் செய்த ஒரு கட்டட வரைபடத்தில் எண்களே மாறியிருப்பதைக் காட்டினார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று மூன்று அளவுகளில் இருந்த அறைகள், ஸ்கேனில் மூன்றுமே 14.13 என்று வந்தன. ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒரே மாதிரி தெரியும் துண்டுகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வைத்துவிட்டது. எழுத்து மங்கியிருந்தால் நாம் சந்தேகப்படுவோம். இங்கே எண் பளிச்சென்று, தவறாக இருந்தது. நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. சுருக்கிய பிடிஎஃப்பிலிருந்து கம்பி அளவையோ அறை அளவையோ எடுக்கும் முன் மூல டிராயிங்கோடு ஒப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

3டி பிரிண்டுக்குப் போகும், வடிவத்தை முக்கோணங்களாகச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலிலும் இதே கதை. பைனரி வடிவத்தில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். பத்து லட்சம் முக்கோணம் என்றால் 50 எம்பி. முக்கோணங்களைக் குறைத்தால் அளவு குறையும், வட்டம் பலகோணமாகும். 20 மி.மீ. துளையின் வட்டத்தில் முனைகள் தொடும்படி 12 பக்கம் மட்டும் மிஞ்சினால், எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 19.32 மி.மீ.தான் இருக்கும். 20 மி.மீ. பின் அதில் நுழையாது.

இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்களில் கிளையன்டின் டிராயிங்கை ஏற்றாதீர்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அது ஒப்பந்த மீறலாகவே ஆகலாம். வரும் ஜிப்பிலும் கவனம் தேவை. 2012-இல் ஈசெட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளிப்படுத்திய மெட்ரே என்ற வார்ம் (தானாகப் பரவும் தீய நிரல்), டிராயிங் இருக்கும் ஃபோல்டரில் ஆட்டோகேட் இயக்கும் ஆட்டோலிஸ்ப் நிரல் ஃபைலாக உட்கார்ந்துகொண்டு, பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து டிராயிங்குகளைச் சீனாவில் உள்ள மெயில் முகவரிகளுக்கு அனுப்பியது. யாரோ அனுப்பிய ஜிப்பில் ஏகேட் என்று தொடங்கும் லிஸ்ப் ஃபைல் இருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டிராயிங்கைத் திறக்க வேண்டாம். ஜிப்பை விரிக்க வின்ரார் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் கடைசிப் பதிப்புக்கு மாறுங்கள். 6.23-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த ஒரு ஓட்டை 2023-இல் தாக்குதல்களுக்குப் பயன்பட்டது. வின்ரார் தானாக அப்டேட் ஆவதில்லை.

பாஸ்வேர்டு போட்டு அனுப்புவதானால் ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள், ஜிப்பின் பழைய பூட்டு எளிதில் உடையக்கூடியது. பாஸ்வேர்டை அதே மெயிலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். பூட்டிய ஜிப்பிலும் உள்ளே இருக்கும் ஃபைல் பெயர்களை எவரும் படிக்க முடியும் என்பதால், கிளையன்ட் பெயரையோ இடத்தின் பெயரையோ ஃபைல் பெயரில் வைக்காதீர்கள். விண்டோஸில் இருக்கும் ஜிப் வசதி ஏஇஎஸ் பூட்டைத் திறக்காமல் போகலாம். எதிர்முனையில் 7-ஜிப் மென்பொருள் இருக்கிறதா என்று அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.