ஜாக்கெட்டுக்குள் பெய்யும் மழை: உடை வடிவமைப்புப் போட்டிக்குப் போகும் மாணவர்களுக்கு

மலையேற்றம், நெடுந்தூர நடை, சைக்கிள் பயணம் மாதிரியான வெளிப்புறச் செயல்களுக்கான உடைகளுக்கு பேட்டர்ன் போடுவதும் சாம்பிள் தைத்துச் சோதிப்பதும் என் தொழில். மாணவர் வடிவமைப்புப் போட்டிகளுக்கு வரும் படைப்புகளை மதிப்பிடும் வேலையும் அதோடு சேர்ந்து வருகிறது. அவற்றில் கற்பனைக்குக் குறைவே இல்லை. ஸ்கெட்ச் பிரமாதமாக இருக்கும். மனநிலையைக் காட்டப் படங்களை ஒட்டும் மூட் போர்டில் பனிமலையும் புயலும் நிறைந்திருக்கும். ஆனால் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, முதுகில் பையோடு ஒருவர் ஒரு மணி நேரம் மேடு ஏறினால் உள்ளே என்ன நடக்கும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான படைப்புகளில் பதில் இருக்காது. நல்ல படைப்புகள் பின்தங்குவது இங்கேதான்.

உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் அசைவுக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். கடுமையாக உழைக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூட வியர்க்கலாம். அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லை என்றால் உடையிலேயே தங்கிவிடும். ஏறும்வரை ஒன்றும் தெரியாது. மேலே போய் நின்றதும் உடம்பில் வெப்ப உற்பத்தி சட்டெனக் குறையும், காற்று அடிக்கும், ஈர உடை உடம்புச் சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அவசரநிலை. அதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. 10 டிகிரி குளிரில் காற்றும் ஈரமும் சேர்ந்தாலே அந்த நிலை வரலாம். அதனால்தான் இந்த உடைகளை ஃபேஷனாக மட்டும் பார்க்க என்னால் முடிவதில்லை. இவை பாதுகாப்புச் சாதனங்கள்.

மாணவர்கள் அதிகம் நம்பும் எண் ஒன்று உண்டு: 20,000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு திறன், அதாவது துணி தாங்கும் தண்ணீர்த் தம்பத்தின் உயரம். இது துணியின் மேல் நீரழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், மூன்றாவது இடத்தில் தண்ணீர் ஊடுருவும்போது குறிக்கும் அளவு. ஐ.எஸ்.ஓ. 811 என்ற சோதனை முறை அப்படித்தான் செய்கிறது. துணியைச் சோதிப்பதற்கு இது நல்ல முறை. ஆனால் ஜாக்கெட் என்பது வெறும் துணி இல்லையே. ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டை. சீம் டேப் (தையல் ஓட்டைகளை மூடும் பட்டை) ஒட்டாத தையல், ஜிப்பின் பல்வரிசை, தோளில் பைப்பட்டை அழுத்தும் இடம், இங்கேயெல்லாம்தான் தண்ணீர் முதலில் நுழையும். படைப்பில் துணியின் எண்ணை எழுதுகிறவர்கள், தையல்கோடு எங்கே போகிறது, ஏன் அங்கே போகிறது என்பதையும் எழுதினால் எனக்கு அது பத்து மடங்கு பயன்படும். தோள்பட்டையின் உச்சியில் தையலே வராமல் பேட்டர்னை நகர்த்தியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அதுதான் வடிவமைப்பு.

சரி, துணிக்கு உள்பக்கம் ஒட்டிய மெல்லிய படலம், மூச்சுவிடும் மெம்பரேன் இருக்கிறதே, அது வியர்வையைப் பார்த்துக்கொள்ளாதா? அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பாப் கோர் 1969-ல் பி.டி.எஃப்.இ. பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நுண்துளைப் பொருளாக மாற்றிய பிறகுதான், மழை உள்ளே வராமல் நீராவி மட்டும் வெளியேறும் ஜாக்கெட்டுகள் சந்தைக்கு வந்தன. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நீராவியைத் தள்ளுவது மெம்பரேன் இல்லை, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம். வெளியே வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இருந்தால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். மேல்துணியில் பூசிய நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்து, துணி ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவது இன்னும் மந்தமாகும். அப்புறம் உள்ளே ஈரமாக இருப்பதைப் பார்த்து, ஜாக்கெட் ஒழுகுகிறது என்று போட்டிருப்பவர் நினைப்பார். உண்மையில் அது அவருடைய வியர்வையாகவே இருக்கும். ஆகவே அக்குள் ஜிப், கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப், காற்று போய்வரும் பாக்கெட் வலை போன்றவற்றை எங்கே வைக்கிறீர்கள் என்பது மெம்பரேனின் பெயரைவிட முக்கியம். பைப்பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இடத்தில் வென்டிலேஷன் ஜிப்பை வரைந்த படைப்புகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். ஒரே ஒருமுறை பையை மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

உள்ளடுக்குக்கும் இதே கணக்குத்தான். சாதாரண ஈரப்பதத்தில் பாலியஸ்டர் இழை தன் எடையில் 0.4 சதவீதம் நீரைத்தான் பிடித்துவைக்கும், பருத்தி 8.5 சதவீதம், கம்பளி சுமார் 16 சதவீதம். கம்பளி நிறைய ஈரம் வாங்கியும் தோலுக்கு நனைந்ததாகத் தெரியாது. பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், காயவும் நேரமெடுக்கும். 2018-ல் கம்பளியைப் பிரபலப்படுத்தும் உல்மார்க் நிறுவனம் அடிடாஸுடன் சேர்ந்து தொடங்கிய மாணவர் போட்டி, மெரினோ (மெல்லிய ரோமம் தரும் ஆட்டினம்) கம்பளியின் இயல்பைப் பயன்படுத்தி விளையாட்டு உடையில் புதிதாக என்ன செய்யலாம் என்று கேட்டது. அப்படிப்பட்ட போட்டிக்கு அழகான வடிவத்தை வரைந்துவிட்டு, கடைசியில் மெரினோ என்று எழுதிவைத்தால் எடுபடாது.

பழைய உடைகளையும் படியுங்கள். 1924-ல் எவரெஸ்ட்டில் இறந்த பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999-ல் கண்டெடுக்கப்பட்டது. அதில் எஞ்சியிருந்த துணிகளை ஆராய்ந்து, பட்டு, பருத்தி, கம்பளி அடுக்குகளையும் கேபர்டின் என்ற நெருக்கமாக நெய்த துணியிலான மேலுடையையும் அப்படியே மறுபடி தைத்தார்கள். 2006-ல் மலையேறி கிரஹாம் ஹோய்லாண்ட் அவற்றை எவரெஸ்ட்டிலேயே போட்டுப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தன. மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அப்புறம் அசைவு. சாம்பிளைப் போட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு ஓரம் மேலே ஏறி வயிறு தெரிந்தால் கைக்குழி (கை வந்து இணையும் வளைவு) மிகவும் கீழே இறங்கியிருக்கிறது, அல்லது அக்குளில் கூடுதலாக ஒரு துணித்துண்டு வைத்துத் தைக்க வேண்டும். கையுறையோடு ஜிப் பிடிபடுகிறதா, ஹெல்மெட்டுக்கு மேல் ஹுட் ஏறுகிறதா, ஏறிய பிறகு தலையைத் திருப்பினால் கண்ணை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

குழந்தைகளுக்கு வடிவமைக்கிறவர்கள் ஹுட்டில் கயிறு வரைவதை உடனே நிறுத்த வேண்டும். விளையாட்டுச் சறுக்கிலும் வாகனக் கதவிலும் மாட்டி, கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 7 வயதுக்குட்பட்டவர்களின் உடையில் ஹுட்டிலும் கழுத்திலும் கயிறே கூடாது என்கிறது இ.என். 14682 என்ற ஐரோப்பியத் தரவிதி. படைப்பு எத்தனை அழகாக இருந்தாலும், இந்தக் கயிறு இருந்தால் நான் மதிப்பெண் தருவதில்லை.

நீர்விலக்கிப் பூச்சைக் குறிப்பிடும்போது எந்த வேதிப்பொருள் என்று எழுதுங்கள். இந்தப் பூச்சுகளில் பயன்படும் பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளோரின் வகைச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை. கலிஃபோர்னியாவில் அவற்றைச் சேர்த்த புதிய உடைகளை விற்க 2025 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. கடும் மழைக்கான சிறப்பு உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். ஃபுளோரின் இல்லாத பூச்சு தண்ணீரை விலக்கும், ஆனால் எண்ணெயையும் அழுக்கையும் அவ்வளவாக விலக்காது. அதனால் அடிக்கடி துவைத்துப் பராமரிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு, துவைக்க எளிதான உடையாக யோசித்த மாணவரை நான் உடனே கவனிப்பேன்.

சமர்ப்பிக்கும்போது கணினியில் செய்த பளபளப்பான படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். மலிவான துணியிலாவது ஒரு சாம்பிள் தையுங்கள். போட்டுக்கொண்டு படியேறுங்கள், ஷவரின் கீழ் நில்லுங்கள், உள்ளே மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி எங்கே ஈரமாகிறது என்று பாருங்கள். சாம்பிள் எங்கே தோற்றது என்பதையும் அதைத் திருத்திய விதத்தையும் படத்தோடு காட்டுங்கள்.

கடைசியாக, விதிமுறைகளில் உரிமை பற்றிய பகுதியை ஒரு வரி விடாமல் படியுங்கள். படைப்பை அனுப்பினாலே வடிவமைப்பின் எல்லா உரிமையும் நடத்துபவர்களுக்குப் போய்விடும் என்று எழுதிய போட்டிகள் உண்டு, பரிசு கிடைக்காதவர்களின் படைப்புகள் உட்பட. காட்சிக்கு வைப்பதற்கான அனுமதி வேறு, தயாரித்து விற்கும் உரிமை வேறு. இன்னொன்றும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் வடிவமைப்பு வெளியான பிறகும் பதிவு செய்ய 12 மாத அவகாசம் தருகிறார்கள். வேறு சில நாடுகளில் முன்பே வெளியானால் பதிவு செய்யும் வாய்ப்பே போய்விடும். சமூக ஊடகத்தில் முன்னோட்டப் படம் போடுவதற்கு முன்னால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். விதியில் புரியாத வரி இருந்தால் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு அப்புறம் அனுப்புங்கள்.